திரை இருட்டானா கம்ப்யூட்டர் செத்துப்போச்சா?



நம்ம ஊர்ல நிறைய வீடுகளில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அண்ணனோ அக்காவோ காலேஜ் படிக்கும்போது வாங்கினதா இருக்கும். இல்லன்னா யாராவது ஒரு மாமா ஆபீஸ்ல பழசுன்னு கழிச்சதா இருக்கும். பத்து, பன்னிரண்டு வருஷம் உழைச்சிருக்கும். மேலே ஒரு பூ போட்ட துணியைப் போட்டு மூடி வச்சிருப்பாங்க. ஒரு நாள் ஸ்விட்சைப் போட்டா ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும், திரை கருப்பாவே நிக்கும். உடனே வீட்டில் ஒருத்தர் "மானிட்டர் போச்சு" என்பார், இன்னொருத்தர் "மதர்போர்டு போச்சு" என்பார். ரெண்டு பேருமே பார்த்துச் சொல்வதில்லை, குத்துமதிப்பா சொல்வதுதான். படம் எந்த இடத்தில் நின்று போச்சுன்னு காசு செலவில்லாமல் நாமே எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் இந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

முதலில் படம் எப்படி வருது என்று தெரிஞ்சுக்கணும். குழாயில் தண்ணீர் வரலைன்னா என்ன செய்வோம்? குழாயை மட்டும் மாத்த மாட்டோம். தொட்டியில் தண்ணி இருக்கா, மோட்டார் ஓடுதா, நடுவில் பைப் அடைச்சிருக்கான்னு பார்ப்போம் இல்லையா? படமும் அப்படித்தான் ஒரு வழியில் நடந்து வருது. பெட்டிக்குள்ளே பிராசசரும் ரேமும் சேர்ந்து வேலையை ஆரம்பிக்கும். (எல்லாரும் அந்தப் பெட்டியைத்தான் சி.பி.யு. என்கிறோம். உண்மையில் சி.பி.யு. என்பது உள்ளே இருக்கிற பிஸ்கட் அளவு சில்லு. பரவாயில்லை, நானும் பெட்டின்னே எழுதுறேன்.) அப்புறம் கிராபிக்ஸ் சிப் படத்தைத் தயார் பண்ணும். அது பின்னாடி இருக்கிற நீல நிற வி.ஜி.ஏ. சாக்கெட் வழியா வெளியே வந்து, கேபிளில் போய், மானிட்டரில் இருக்கிற போர்டுக்குள் நுழைந்து, கடைசியில் கண்ணாடிப் பலகையில் தெரியும். அந்தப் பலகைக்கும் தானாக ஒளி கிடையாது. பின்னாலே இருக்கிற விளக்குதான் வெளிச்சம் தருது. இத்தனை இடத்தில் எங்கே அறுந்தாலும் நமக்குத் தெரிவது ஒரே கருப்புத் திரைதான். அதனால்தான் பார்த்தவுடனே சொல்ல முடியாது.

<b>கேபிளைப் பிடுங்கிப் பாருங்க</b>

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை இது. பெட்டியை அணைச்சுட்டு, பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற வி.ஜி.ஏ. கேபிளைக் கழட்டி விடுங்க. ரெண்டு பக்கமும் சின்ன திருகு இருக்கும், அதைத் திருகிட்டு இழுக்கணும். மானிட்டருக்கு மட்டும் கரண்ட் கொடுத்து ஆன் பண்ணுங்க. "நோ சிக்னல்" என்றோ "செக் சிக்னல் கேபிள்" என்றோ எழுத்து தெரிஞ்சா, சில மானிட்டரில் கலர் கலரா பட்டை தெரிஞ்சா, சந்தோஷப்படுங்க. மானிட்டர் நல்லா இருக்கு! எனக்கு ஒண்ணும் வரலையேன்னு அது நம்மகிட்ட சொல்லுது. கோளாறு கேபிளிலோ பெட்டியிலோதான்.

எழுத்தே வரலைன்னா மானிட்டரின் சின்ன விளக்கைப் பாருங்க. விளக்கே எரியலைன்னா முதலில் ஒயரும் பிளக் பாயிண்ட்டும், அப்புறம் மானிட்டருக்கு உள்ளே இருக்கிற பவர் போர்டு. விளக்கு எரியுது, ஆனா திரை கருப்புன்னா கேபிளைத் திரும்ப மாட்டி, பெட்டியையும் ஆன் பண்ணி, ஒரு டார்ச் எடுங்க. ரூமை இருட்டாக்கிட்டு திரைக்குப் பக்கத்தில் சாய்வாக டார்ச் அடிங்க. ஐகானோ எழுத்தோ நிழல் மாதிரி மங்கலாகத் தெரியுதா? அப்படின்னா படம் சரியாகவே வந்து சேர்ந்துடுச்சு. பின்னாடி இருக்கிற விளக்குதான் எரியல. பழைய எல்.சி.டி. மானிட்டரில் அது பென்சிலைவிட மெல்லிசான டியூப்லைட். அதை எரிய வைக்க இன்வெர்ட்டர் என்று ஒரு போர்டு உள்ளே இருக்கும். (கரண்ட் போனா ஃபேன் ஓடுமே, அந்த இன்வெர்ட்டர் வேற.) ஆன் பண்ணதும் ரெண்டு செகண்டு படம் வந்து அணைஞ்சு போறது, ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் திரை சிவப்படிச்சுத் தெரிவது, இதெல்லாம் அந்த டியூபுக்கோ இன்வெர்ட்டருக்கோ வயசாயிட்டதுக்கு அடையாளம். புதுசா வர்ற எல்.ஈ.டி. மானிட்டரில் டியூபுக்குப் பதிலாக எல்.ஈ.டி. விளக்கு வரிசை இருக்கு. டார்ச் சோதனை ரெண்டுக்கும் பொருந்தும்.

<b>மஞ்சளாத் தெரியுதா? ராணி கலராத் தெரியுதா?</b>

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. சின்னதா ஒரு சொட்டுத் தண்ணியை எடுத்து, வெள்ளைப் படம் தெரியுற செல்போன் திரை மேல வச்சுப் பாருங்க. (சொட்டு ரொம்பச் சின்னதா இருக்கணும், வீட்ல திட்டு வாங்கினா நான் பொறுப்பில்ல!) சொட்டு லென்ஸ் மாதிரி பெரிசாக்கிக் காட்டும். வெள்ளைக்குள்ளே சிவப்பு, பச்சை, நீலம் மூணும் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். எல்லாத் திரையும் இந்த மூணு ஒளியைக் கலந்துதான் மத்த நிறங்களைக் காட்டுது.

வி.ஜி.ஏ. என்பது 1987-இல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டு வந்த முறை. அந்த சாக்கெட்டில் மூணு வரிசையாக 15 ஓட்டை இருக்கு. அதில் சிவப்புக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணு தனியாக வருது. ஒரு பின் வளைஞ்சாலோ ஒரு ஒயர் உள்ளே அறுந்தாலோ அந்த ஒரு நிறம் மட்டும் காணாமல் போகும். நீலம் போனா வெள்ளைப் பக்கம் மஞ்சளாகத் தெரியும். பச்சை போனா புடவைக் கடையில் சொல்ற ராணி கலராகத் தெரியும். சிவப்பு போனா மயில் கழுத்து நிறம் மாதிரி ஆயிடும். சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தா மஞ்சள் எப்படி வரும்னு டிராயிங் கிளாஸ்ல யாராவது கேட்பாங்க. பெயிண்ட் கலக்கிறது வேற, ஒளி கலக்கிறது வேற.

நிறம் மாறினா கேபிளை மெதுவாக ஆட்டிப் பாருங்க. ஆட்டும்போது நிறம் வந்து வந்து போனா கேபிள்தான் குற்றவாளி, மானிட்டர் இல்லை. கழட்டி, பின்களைப் பாருங்க. வளைஞ்சிருந்தா குச்சி போடாத பென்-பென்சிலின் முனையை அந்தப் பின்னில் மாட்டி மெதுவா நிமிர்த்தலாம். ஒரு விஷயம்: சில கேபிளில் ஒண்ணு ரெண்டு பின் பிறவியிலேயே இருக்காது. அதைப் பார்த்து "ஐயோ உடைஞ்சு போச்சு"ன்னு பயப்பட வேண்டாம். பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய கேபிள் மலிவாகவே கிடைக்கும். ஆனா அங்கே சோதிச்சுப் பார்த்து வாங்க முடியாது, அதுதான் கஷ்டம்.

<b>ஃபேன் ஓடுது, படம் வரல</b>

இப்போ பெட்டிக்கு வருவோம். இதுதான் நிறைய பேர் வீட்டில் நடக்கிறது, எங்க வீட்டிலும் நடந்தது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேலே மழை கொட்டியது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். எங்க வீடு ஓட்டு வீடு. ஒழுகின தண்ணி நேரா அலமாரி மேல விழுந்தது. கம்ப்யூட்டரை ஆயா பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிட்டாங்க. ஆனா அம்மாவோட மகளிர் குழு நோட்டு அலமாரியில் இருந்தது, முழுக்க நனைஞ்சு மை ஊறிப் போச்சு. பன்னிரண்டு பேர் மாசாமாசம் கட்டுற பணம், யார் யாருக்கு எவ்வளவு கடன், எவ்வளவு திருப்பிக் கட்டினாங்க எல்லாம் அதில்தான். அக்கா அதையே கம்ப்யூட்டரிலும் ஏத்தி வச்சிருந்தது நல்லதாப் போச்சுன்னு நினைச்சோம். கரண்ட் வந்ததும் ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, திரை கருப்பு!

பெட்டியை ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனோம். கடைக்காரர் பிளக்கைக்கூட மாட்டிப் பார்க்கல. "மதர்போர்டு போயிருக்கும்மா. பன்னண்டு வருஷப் பழசுக்கு போர்டு கிடைக்காது. இப்படியே கொடுத்துடுங்க, எண்ணூறு ரூபாய் தரேன்" என்றார். "உள்ள எங்க குழுக் கணக்கு இருக்கே?" என்று அம்மா கேட்டாங்க. "அதுவும் போனது போனதுதான்" என்றார். அம்மாவுக்கு முகமே மாறிடுச்சு. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அம்மாதானே பதில் சொல்லணும்? கொடுக்காம திருப்பித் தூக்கிட்டு வந்துட்டாங்க.

பாலிடெக்னிக் படிக்கிற எங்க பெரியப்பா பையன் அண்ணன் சாயந்திரம் வந்தாரு. "சித்தி, படம் போறது வேற, கணக்கு போறது வேற. கணக்கு ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. திரையே இல்லைன்னாலும் அது அங்கேயேதான் இருக்கும்" என்று சொன்னாரு. இந்த ஒரு வரியை எல்லா வீட்டுக்கும் சொல்லணும்னுதான் நான் இதை எழுதவே ஆரம்பிச்சேன். திரைக் கோளாறுன்னு பெட்டியை எடைக்குப் போட்டுட்டா கூடவே போட்டோ, சர்டிபிகேட், கணக்கு எல்லாம் போயிடும். ஹார்ட் டிஸ்க் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் அளவுதான். அதைக் கழட்டி வேற கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துக்கலாம்.

அண்ணன் சோதிச்ச வரிசையைச் சொல்றேன். கேபிளைக் கழட்டினார், "நோ சிக்னல்" வந்தது. மானிட்டர் நல்லா இருக்கு. அப்புறம் பெட்டியை ஆன் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு கீபோர்டில் கேப்ஸ் லாக் அழுத்தினார். அந்த விளக்கு எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சா கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டுதான் இருக்கு, படம் மட்டும் வெளியே வரலைன்னு அர்த்தம். எங்களுக்கு எரியல. அப்படின்னா கம்ப்யூட்டரே ஆரம்பிக்கல. பீப் சத்தமும் வரல. சின்னதா ஒரே ஒரு பீப் வந்தா பொதுவாக உள்ளே எல்லாம் நலம். நீளமாகவோ, விடாமலோ பீப் அடிச்சா ரேம் அல்லது கிராபிக்ஸ் கார்டு பக்கம் கோளாறு இருக்கும். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். பழைய பெட்டிகளில் பீப் ஸ்பீக்கரே இல்லாததும் உண்டு.

அடுத்து ரேம். பிளக்கைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனைப் பத்து செகண்டு அழுத்திப் பிடிச்சார். உள்ளே மிச்சம் இருக்கிற கரண்ட் போறதுக்காம். பெட்டியோட இரும்பைத் தொட்டார். நம்ம உடம்பில் இருக்கிற நிலை மின்சாரம் சில்லைக் கெடுத்துடக் கூடாது, அதுக்காக. ரெண்டு பக்கக் கிளிப்பையும் விலக்கி ரேமை எடுத்தார். கீழே தங்க நிறத்தில் பல்வரிசை மாதிரி இருக்கும். அதில் மங்கலாக ஒரு படலம். என்னோட பென்சில் ரப்பரை வாங்கி ரெண்டு பக்கமும் தேய்ச்சார், பளிச்சுன்னு ஆயிடுச்சு. ரப்பர்த் தூளை ஊதக் கூடாது, வாயில் இருக்கிற ஈரம் போகும். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டணும். திரும்ப மாட்டும்போது ரெண்டு கிளிப்பும் 'டக்' என்று தானா மூடணும்.

ஸ்விட்ச் போட்டதும் படம் வந்துடுச்சு! ஆனா தேதி 2010 ஜனவரின்னு காட்டுது. அது மதர்போர்டில் இருக்கிற பட்டன் பேட்டரி தீர்ந்து போனதால். சிஆர் 2032 என்று கேட்டா வாட்ச் கடையிலேயே கிடைக்கும், 3 வோல்ட். சில போர்டில் இந்தப் பேட்டரி செத்தாலே படம் வராமல் அடம் பிடிக்கும். அண்ணன் முதல் வேலையா குழுக் கணக்கைப் பென் டிரைவில் ஏத்தினார். அதுக்கு அப்புறம்தான் டீ குடிச்சார்.

ரேம் ஏன் இப்படி ஆகுது? நம்ம ஊர் கடலுக்குப் பக்கம். வீராம்பட்டினம் பக்கம் சைக்கிள் செயினும் கேட்டுத் தாழ்ப்பாளும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்குது பாருங்க! உப்புக் காத்தும் ஓதமும் சேர்ந்தா உலோகம் ஒண்ணோடு ஒண்ணு தொடுற இடத்தில் படலம் கட்டும், கரண்ட் சரியாகப் போகாது. மாசக்கணக்கில் ஆன் பண்ணாமல் மூடி வச்சா இன்னும் மோசம். ஓடும்போது வர்ற சூட்டில் ஈரம் காயும். (அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் துரை தோண்டினப்ப ரெண்டாயிரம் வருஷத்துப் பானை ஓடு கெடாம கிடைச்சுதாம். ஓடு துருப்பிடிக்காதே!)

ரேமைத் துடைச்சும் வரலைன்னா? ரெண்டு ரேம் இருந்தா ஒவ்வொண்ணாகப் போட்டுப் பாருங்க. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தா அதைக் கழட்டிட்டு மதர்போர்டு சாக்கெட்டில் கேபிளை மாட்டிப் பாருங்க. கார்டு உள்ளே இருக்கும்போது மதர்போர்டு சாக்கெட் பெரும்பாலும் வேலை செய்யாது. வீடு கூட்டும்போது கேபிளைக் கழட்டி வேற சாக்கெட்டில் மாட்டிட்டு, "கம்ப்யூட்டர் போச்சு"ன்னு உட்கார்ந்திருந்த வீடும் எங்க தெருவில் உண்டு, பேர் சொல்ல மாட்டேன்.

அப்புறம் போர்டில் நிற்கிற சின்னச் சின்ன உருளைகளைப் பாருங்க, அதுதான் கெப்பாசிட்டர். தலை தட்டையாக இருக்கணும். உப்பியிருந்தா, காப்பிக் கறை மாதிரி கசிஞ்சிருந்தா அது போச்சு. 2000-களின் ஆரம்பத்தில் உலகம் பூரா மட்டமான கெப்பாசிட்டர் போட்ட போர்டுகள் நிறைய வந்து, ரெண்டு மூணு வருஷத்திலேயே உப்பி வெடிச்சது. டெல் கம்பெனி 2005-இல் தன்னோட ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களைச் சரி பண்ண 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. மானிட்டரின் பவர் போர்டிலும் இதே வியாதி வரும். மானிட்டர் ஆன் ஆகி ஆகி அணைஞ்சா இதைச் சந்தேகப்படலாம். சால்டரிங் தெரிஞ்ச ரேடியோ, டி.வி. மெக்கானிக்கே இதை மாத்திடுவார். கெப்பாசிட்டர் விலை சில ரூபாய்தான், கூலிதான் அதிகம்.

<b>கோடு, புள்ளி, நடுக்கம்</b>

படம் வருது, ஆனா கோடு விழுதுன்னா கேள்வியே வேற. ஆன் பண்ணதும் விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி கம்பெனி பேரோ வெள்ளை எழுத்தோ வருமே, அதிலேயே கோடு இருக்கான்னு பாருங்க. அப்பவே இருந்தா விண்டோஸ் மேல பழி போடாதீங்க. விண்டோஸ் வந்த பிறகுதான்னா டிரைவர் கோளாறாக இருக்கலாம். இன்னொரு தந்திரம்: பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்தி, பெயிண்டில் ஒட்டி, சேமிச்சு, செல்போனில் போட்டுப் பாருங்க. அந்தப் படத்திலும் கோடு இருந்தா கிராபிக்ஸ் பக்கம். அதில் சுத்தமா இருந்தா கோளாறு அதுக்கு அப்புறம், பெரும்பாலும் கேபிளோ மானிட்டரோ. எப்பவும் ஒரே இடத்தில் மெல்லிசா ஒரு செங்குத்துக் கோடு நின்னா அது கண்ணாடிப் பலகையின் நோய். அதுக்கு வைத்தியம் பார்க்கிறதைவிடக் கோட்டோடு வாழ்ந்துக்கலாம்!

"அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று வந்தா யாரோ செட்டிங்கை மாத்தியிருக்காங்க (தம்பிங்க இருக்கிற வீடு). விண்டோஸ் 7-இல் ஆரம்பிக்கும்போது எஃப் 8 பட்டனைத் தட்டினா குறைஞ்ச ரெசல்யூஷனில் திறக்க ஒரு வழி வரும், உள்ளே போய் சரி பண்ணலாம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடும் இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திட்டாங்க. அதனால் இன்டர்நெட் போடாமல் வச்சிருப்பது நல்லது. சி-டாக் நிறுவனம் உருவாக்கின பாஸ் லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு ஆரம்பிச்சும் பார்க்கலாம். அதில் படம் சுத்தமா வந்தா கோளாறு விண்டோஸில், இரும்பில் இல்லை.

இன்னும் சில வீட்டில் பின்பக்கம் புடைச்ச பெட்டி மானிட்டர் இருக்கு. 1897-இல் பிரவுன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி செய்த குழாயோட வம்சம் அது. பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் வச்சா அதிலுள்ள காந்தம் நிறத்தைத் திட்டுத் திட்டா ஆக்கிடும், தள்ளி வச்சு மெனுவில் டீகாஸ் கொடுத்தா சரியாகும். ஆனா அதை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேலே போகும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் குழாயில் தங்கியிருக்கும். எல்.சி.டி. மானிட்டரின் உள்பக்கம், பெட்டியில் இருக்கிற பவர் சப்ளை, இதையும் திறக்கக் கூடாது. பெட்டியைத் தொட்டா சுர்ருனு இருந்தா எர்த் இல்லைன்னு அர்த்தம், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. நம்ம வயசுக்காரங்க ரேமைக் கழட்டும்போதுகூடப் பெரியவங்க ஒருத்தர் பக்கத்தில் இருக்கணும்.

இத்தனையும் பார்த்துட்டும் கடைக்குப் போக வேண்டி வந்தா, ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வீட்டில் வச்சுட்டுப் பெட்டியைக் கொடுங்க. திரை சோதிக்க அது தேவையில்லை. கூடவே ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்க: நோ சிக்னல் வருதா, டார்ச்சில் தெரியுதா, கேப்ஸ் லாக் எரியுதா, எத்தனை பீப், ரேம் துடைச்சாச்சா. அதைப் படிச்ச பிறகு யாரும் பிளக் மாட்டாமல் மதர்போர்டு போச்சுன்னு சொல்ல மாட்டாங்க.

எங்க வீட்டில் ஒரு வி.ஜி.ஏ. கேபிள் சும்மா இருக்கு. சோதிச்சுப் பார்க்க வேணும்னா 9-ஆம் வகுப்பில் வந்து கேளுங்க, தரேன். ரெண்டு நாளில் திருப்பிக் கொடுத்துடணும்!

— 9-ஆம் வகுப்பு மாணவி, அரியாங்குப்பம்